தேய்ந்த எஞ்சினும் சிறிய கையிருப்பும்

பழைய மோட்டார் வண்டி வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கு என்றாவது ஒருநாள் வந்தே தீரும் செய்தி ஒன்றுண்டு. வண்டி மேட்டில் ஏறத் திணறுகிறது. பின்புறம் நீலப் புகை கிளம்புகிறது. எண்ணெய் அளவு வாரத்துக்கு வாரம் இறங்குகிறது. பட்டறைக்குக் கொண்டு சென்றால், அங்குள்ளவர் மூடியைத் திறந்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "எஞ்சின் போய்விட்டது, இறக்கி முழுவேலை செய்ய வேண்டும்" என்கிறார். அவர் சொல்லும் தொகையோ அக்குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பையும் விழுங்கிவிடும். இந்நிலையில் கணவனும் மனைவியும் அமர்ந்து என்ன முடிவு செய்வது என்பதைப் பற்றியே நாம் இங்குச் சிறிது விரிவாக எழுத விழைகிறோம்.

எடுத்துக்காட்டாக நாம் கொள்வது அம்பாசிடர் வண்டி. ஆங்கிலேய நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, 1950களின் பிற்பகுதியில் மேற்கு வங்கத்து உத்தரபாராவில் உருவாகத் தொடங்கி, 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. பல்லாண்டுக் காலம் இதனை இழுத்தது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். கனத்த வார்ப்பிரும்பால் ஆனது; நுணுக்கமான மின்னணுக் கருவி எதுவும் அதில் இல்லை; ஆகவே சிறிய ஊர்ப் பட்டறையிலும் அதனைத் திறந்து பார்க்கலாம். இங்குச் சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதி மற்றப் பழைய பெட்ரோல் வண்டிகளுக்கும் பொருந்தும்.

எஞ்சின் ஒன்று ஒரே நாளில், ஒரே சீராகத் தேய்வதில்லை என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். சிலிண்டரின் உட்சுவர் மேற்பகுதியில் மிகுதியாகவும் அடிப்பகுதியில் குறைவாகவும் தேய்கிறது. ஏனெனில் வெடிப்பின் அழுத்தமும் சூடும் மேலே மிகுதி, எண்ணெய்ப் பசையோ மேலே குறைவு. வால்வுகள் தமக்குரிய முறையில் கருகுகின்றன. அச்சுத்தண்டின் பேரிங்குகள் எண்ணெயின் தூய்மையைப் பொறுத்து நீடிக்கின்றன அல்லது அழிகின்றன. இவற்றுள் ஒன்று கெட்டு மற்றவை நலமாக இருப்பது மிகவும் இயல்பான நிலை. ஆகவே "எஞ்சின் போய்விட்டது" என்னும் சொல் நோயாளியைத் தொட்டுப் பாராமலே மருத்துவர் கூறும் தீர்ப்பைப் போன்றது. எது போயிற்று என்று கேட்பதற்கு வண்டிக்காரருக்கு உரிமையுண்டு. அந்தக் கேள்விக்கு அளந்து விடை சொல்ல முடியாத பட்டறையில் ஒரு ரூபாயும் முன்பணமாகக் கொடுத்தல் தகாது.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் நிலையைச் சொன்னால் இது தெளிவாகும். அக்குடும்பத் தலைவர் தம் அம்பாசிடரின் பின்பெட்டியில் சேலை, வேட்டி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் தவணை முறையில் விற்று வருபவர். வண்டி நின்றால் வியாபாரம் நின்றது; தவணைப் பணம் வசூலிக்கவும் வழியில்லை. பட்டறையொன்றில் எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து, அச்சுத்தண்டைச் சாணை பிடித்து, பிஸ்டன்களை மாற்றுவதற்குக் கேட்ட தொகை அவர் கையில் இருந்ததைப் போல் மும்மடங்கு. கையில் இருந்த பணமும் உண்மையில் அவருடையதன்று. செவிலியர் படிப்பில் சேரவிருந்த மூத்த மகளின் முதலாண்டுக் கட்டணத்திற்கென்று எடுத்து வைத்தது. வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதா, வட்டிக்கு வாங்குவதா, மகளை ஓராண்டு வீட்டில் நிறுத்துவதா என்று மூன்று வழிகளும் அவ்வீட்டில் பேசப்பட்டன. அளந்து பார்ப்பது என்னும் நான்காவது வழியை யாரும் எண்ணவில்லை.

அளப்பதற்கு வேண்டிய கருவி அழுத்தமானி ஒன்றே. அதனை வாங்க வேண்டியதில்லை. நல்ல மெக்கானிக்குகள் எல்லாரிடமும் இருக்கும். எஞ்சினை முதலில் நன்றாகச் சூடேறவிட்டு நிறுத்தவேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயிலின் கம்பியையும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் அளந்தால் காற்று உட்செல்லாது. நல்ல எஞ்சினும் கெட்டதாகத் தோன்றும். பாட்டரி வலுவிழந்திருந்தாலும் அவ்வாறே. எண் எவ்வளவு என்பதைவிட, நான்கும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. பத்து விழுக்காட்டிற்குள் வேறுபாடு இருப்பின் கவலையில்லை.

பிறகு ஒவ்வொரு பிளக்குத் துளையிலும் ஒரு சிறு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். எண்ணெய், பிஸ்டன் வளையங்களைச் சுற்றி நின்று சிறிது நேரம் இடைவெளியை அடைக்கும். அழுத்தம் கணிசமாக உயர்ந்தால் குற்றம் வளையங்களிலும் சிலிண்டர்ச் சுவரிலும் உள்ளது. உயராவிட்டால் குற்றம் மேலே, வால்வுகளில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒருசேரத் தாழ்ந்து, எண்ணெய்க்கும் அசையாவிட்டால், அவ்விரண்டிற்கும் இடையே ஹெட் கேஸ்கெட் எரிந்திருத்தல் கூடும்.

துணி வியாபாரியின் வண்டியில் முதலாம் சிலிண்டர் 120 பவுண்டு, இரண்டாவது 115, மூன்றாவது 70, நான்காவது 120 என்று காட்டின. எண்ணெய் விட்டபின் மூன்றாவது 75-ஐத் தாண்டவில்லை. மற்றவை சிறிதளவே உயர்ந்தன. அதாவது வளையங்கள் வயதிற்கேற்பத் தேய்ந்திருந்தனவே தவிர, அழியவில்லை. மூன்றாம் சிலிண்டரின் வால்வு ஒன்றே மூடாமல் இருந்தது. அச்சுத்தண்டைச் சாணை பிடிக்கச் சொன்ன பட்டறை, அவ்வண்டியின் எண்ணெய் அழுத்தத்தை அளந்தே பார்க்கவில்லை. அளந்தபோது அது சூடான நிலையிலும் ஒழுங்காகவே இருந்தது. எஞ்சின் நிமிடத்திற்கு 1,000 சுற்று சுற்றும்போது 10 பவுண்டு என்னும் கணக்கில் அழுத்தம் நின்றால், பேரிங்குகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்பது அனுபவசாலிகளின் வழக்கு.

அழுத்தமானியும் கிட்டாத ஊர்களில் பஞ்சர்க் கடை உதவும். ஐயத்திற்குரிய சிலிண்டரின் பிஸ்டனை, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் உச்சிநிலைக்குக் கொண்டுவந்து, வண்டியைக் கியரில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, டயருக்குக் காற்றடிக்கும் குழாயைத் தக்க இணைப்பின் வழியே பிளக்குத் துளையில் பொருத்தித் திறந்தால், காற்று எங்கே சீறுகிறது என்பதைக் காதே சொல்லும். புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்பரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் வளையம். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். காற்றின் அழுத்தத்தால் எஞ்சின் திடீரென்று சுழலக்கூடும். ஆகவே விசிறிக்கு அருகில் கை வைக்கலாகாது, பிள்ளைகளையும் அருகில் நிற்க விடலாகாது.

மூன்றாம் சிலிண்டரில் வால்வு கருகியது தற்செயலன்று. இந்த எஞ்சினின் ஹெட்டில், நடுவில் உள்ள இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் புகை ஒரே வாயில் வழியாக வெளியேறுமாறு அமைத்துள்ளார்கள். ஆகவே அவ்விடத்தில் சூடு மிகுதி. இதனோடு மற்றொரு காரணமும் சேர்ந்தது. இவ்வகை எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்கென உருவானவை. அந்த ஈயம், வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டுள்ள வால்வு இருக்கைக்கு ஒரு மெல்லிய காப்பாக இருந்து வந்தது. மனிதரின், சிறப்பாகக் குழந்தைகளின், நலத்தைக் கெடுக்கும் அந்த நஞ்சு நம் நாட்டில் 2000 பிப்ரவரியோடு பெட்ரோலிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கியது முற்றிலும் சரியே. ஆனால் அதன்பின் நெடுந்தூரம் விரைந்து ஓடும் பழைய எஞ்சின்களில் இருக்கை சிறிது சிறிதாகக் குழிந்து, வால்வு உள்ளே அமிழ்கிறது. அமிழ அமிழ டாப்பெட் இடைவெளி குறைகிறது. இடைவெளி குறையக் குறையச் சத்தமும் அடங்குகிறது. "வண்டி இப்போதெல்லாம் சத்தமே போடுவதில்லை" என்று வண்டிக்காரர் மகிழ்ந்திருக்கும் வேளையில் வால்வு முழுவதும் மூடாமல் கருகிக்கொண்டிருக்கும். பழைய எஞ்சினில் டாப்பெட் இலேசாகத் தட்டுவதே நலம்.

இந்நிலைக்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்; இதனைப் பட்டறைகளில் டாப் ஓவர்ஹால் என்பார்கள். எஞ்சினை வண்டியிலிருந்து இறக்க வேண்டியதில்லை. தண்ணீரை வடித்து, கார்பரேட்டரையும் புகைக்குழாய் இணைப்பையும் நீக்கி, ஹெட்டைத் தூக்கியதும் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில், எலி கடித்த அப்பத்தைப் போல் ஓரத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி, எக்ஸாஸ்ட் இருக்கைகள் நான்கிற்கு மட்டும் கடின எஃகு வளையம் பதித்து வாங்கினார்கள். இன்லெட் பக்கம் உள்ளே வரும் குளிர்ந்த கலவையால் சூடு தணிவதால் அங்கு அது தேவைப்படவில்லை. ஹெட்டின் அடிப்பரப்பு வளையாமல் இருக்கிறதா என்று நேர்க்கட்டை வைத்துப் பார்த்து, வளைவிருந்தால் மட்டும் இலேசாகச் சீவச் சொல்ல வேண்டும். எல்லா ஹெட்டையும் சீவியே தீருவது சில பட்டறைகளின் பழக்கம், பணத்திற்கும் கேடு, ஹெட்டிற்கும் கேடு.

லேத் பட்டறையிலிருந்து வந்தபின் வால்வுகளை இருக்கையோடு இழைத்துப் பொருத்தும் வேலையை வீட்டிலேயே செய்யலாம். ரப்பர்க் கிண்ணம் வைத்த ஒரு குச்சியும், கொரகொரப்பும் மென்மையுமான இரு வகைப் பசையும் வேண்டும். குச்சியை உள்ளங்கைகளுக்கிடையே மத்துக் கடைவது போல் முன்னும் பின்னுமாகச் சுழற்றி, அடிக்கடி வால்வைத் தூக்கி இடம் மாற்றி வைக்க வேண்டும். சுற்றிலும் இடைவிடாத சாம்பல் நிற வளையம் தோன்றினால் போதும். அதற்கு மேல் தேய்ப்பது வீண். பசையைத் துளியும் மிச்சமில்லாமல் துடைத்துவிட்டு, ஸ்பிரிங்கு மாட்டியபின் வாயில் வழியே மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் கசிகிறதா என்று பார்க்கலாம். அந்த வீட்டில் இவ்வேலையை மகள் இரண்டு மாலைப்பொழுதுகளில் செய்து முடித்தாள் என்றறிந்து வியந்தோம். சேலை மூட்டை கட்டிப் பழகிய கையல்லவா.

வால்வின் தண்டில் உள்ள சிறு ரப்பர் வளையங்களை அப்போதே மாற்றிவிட வேண்டும். விலை அற்பம், பயனோ பெரிது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மீண்டும் மிதிக்கும்போது மட்டும் நீலப் புகை வந்தால், அது பெரும்பாலும் இந்த ரப்பர்களும் வால்வு கைடுகளும் தேய்ந்ததன் அடையாளம். இதற்காகச் சிலிண்டரைக் கடைந்தவர்கள் பலர்; கடைந்தபின்னும் புகை நிற்காமல் வருந்தியவர்களும் பலர்.

ஹெட் கேஸ்கெட்டைத் திரும்பப் பயன்படுத்துதல் கூடாது. எஞ்சின் வேலையில் சிக்கனம் செய்ய இடங்கள் பல உண்டு. இது அவற்றுள் ஒன்றன்று. நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக, மூன்று முறைகளில் சிறிது சிறிதாக, அளவுகோல் உள்ள ஸ்பானரால் முறுக்க வேண்டும். எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி ஆறவிட்டபின் மீண்டும் ஒருமுறை முறுக்கி, அதன்பின் டாப்பெட் இடைவெளியை வைக்க வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றினால் வைத்த இடைவெளி நில்லாது. பிளக்கு இடைவெளி 0.025 அங்குலம், பாயிண்ட் இடைவெளி ஏறத்தாழ 0.015 அங்குலம், தீப்பொறி வரிசை 1, 3, 4, 2. ஹெட்டைத் திறக்கும் முன்பே இவற்றைச் சரிசெய்து பார்ப்பதும் அறிவுடைமை. இழுவையில்லை என்று வரும் வண்டிகளில் சில, பாயிண்ட்டும் காற்று வடிகட்டியும் மாற்றியதோடு உயிர் பெற்றுத் திரும்பிச் செல்வதைக் கண்டிருக்கிறோம்.

இனி, எண்ணெய் விட்டதும் அழுத்தம் எகிறும் எஞ்சினுக்கு என்ன வழி? அங்கு வளையங்களை மாற்றத்தான் வேண்டும். ஆனால் வளையம் மாற்றுவது வேறு, சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது வேறு. சிலிண்டரின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் உள்ள தேய்மான வேறுபாடு 0.2 மில்லிமீட்டரை எட்டாவிட்டால், பழைய பிஸ்டன்களிலேயே புதிய வளையங்கள் மாட்டிச் சில ஆண்டுகள் ஓட்டலாம். அதைத் தாண்டியிருந்தால் புது வளையம் விரைவிலேயே பழையதாகும். அப்பணம் ஆற்றில் கரைத்த புளிதான்.

இவ்வேலையில் மூன்று இடங்களில் மெக்கானிக்கின் அருகில் நிற்பது நல்லது. சிலிண்டரின் உச்சியில், பழைய வளையம் எட்டாத இடத்தில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஒரு வரம்பு நின்றுவிடும். அதனைச் சீவாமல் புது வளையம் போட்டால், கூரிய விளிம்புடைய அந்த வளையம் ஒவ்வொரு சுற்றிலும் வரம்பில் மோதி, நாளடைவில் உடையும். அடுத்து, வளையத்தின் முனை இடைவெளி. இந்த எஞ்சினின் 73 மில்லிமீட்டர் விட்டத்திற்கு ஏறத்தாழ 0.010 அங்குலம் வேண்டும். அதனைச் சிலிண்டரின் மேற்பகுதியில் வைத்து அளந்துவிட்டு "சரி" என்பார்கள். ஆனால் தேய்ந்த சிலிண்டர் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதால், மேலே சரியாக இருந்தது கீழே முனையோடு முனை முட்டிக்கொள்ளும். ஆகவே வளையம் சென்று வரும் தூரத்தின் அடியில் வைத்தே அளக்க வேண்டும். மூன்றாவதாக, பளபளத்துப் போன சிலிண்டர்ச் சுவரை எமரித் தாளாலோ ஹோனிங் கல்லாலோ குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டபின், பலர் மண்ணெண்ணெயால் கழுவி முடித்துவிடுகிறார்கள். மண்ணெண்ணெய் எமரித் தூளைத் துளைகளுக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டு செல்லும். வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும் வரை கழுவி, உடனே எண்ணெய் பூச வேண்டும். பாத்திரம் துலக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய இவ்வேலையை அலட்சியம் செய்ததால் சில ஆயிரம் கிலோமீட்டரில் மீண்டும் தேய்ந்துபோன எஞ்சின்கள் உண்டு.

எண்ணெய்த் தொட்டி கழற்றப்பட்டிருக்கும்போதே பேரிங்குகளையும் திறந்து பார்த்துவிடலாம். அச்சுத்தண்டின் பரப்பில் நகம் சிக்கும் கீறல் இல்லாமலும், உருண்டை கெடாமலும் இருந்தால், அதே அளவுப் புதுப் பேரிங்குகள் போட்டால் போதும், சாணை தேவையில்லை. பேரிங்கில் செம்பு நிறம் தெரியத் தொடங்கியிருந்தால் தக்க நேரத்தில் திறந்தீர்கள் என்று பொருள்.

உதிரிப் பாகங்கள் சென்னை ஜி.பி. ரோட்டிலும், பழையவை புதுப்பேட்டையிலும் கிடைக்கின்றன. பழைய எஞ்சினையே முழுதாக வாங்கி மாற்றிவிடலாமே என்று சிலர் ஆலோசனை கூறுவர். அதன் உள்நிலை நம் எஞ்சினைவிட நல்லதென்பதற்கு விற்பவரின் வாய்மொழி தவிரச் சான்றில்லை. அன்றியும் எஞ்சின் எண் மாறுவதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுப் புத்தகத்தில் ஏற்றியாக வேண்டும். பிளாக்கில் விரிசல் கண்டாலொழிய அவ்வழியை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

புகையை அடக்குவதற்கென்று கடைகளில் விற்கும் கெட்டியான கலவைகளைப் பற்றியும் ஒரு சொல். அவை எண்ணெயைத் தடிக்கச் செய்து சில நாள் புகையை மறைக்கும். தேய்ந்ததை வளரச் செய்யும் ஆற்றல் எதற்கும் இல்லை. வண்டியை விற்கும் முந்திய நாள் இதனை ஊற்றி, வாங்க வருபவர் கண்ணைக் கட்டும் வழக்கம் நம்மவரிடையேயும் உண்டு. அதற்குத் திருட்டு என்பதைத் தவிர வேறு பெயர் நமக்குத் தெரியவில்லை. அதேபோல், நெடுநாள் எண்ணெய் மாற்றாத எஞ்சினை மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டிக் கழுவுவதும் ஆபத்து. சுவரில் படிந்த சகதி கட்டியாகப் பெயர்ந்து எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்தால், ஒரு தெரு தாண்டுவதற்குள் பேரிங்குகள் போய்விடும். எண்ணெயைக் குறுகிய இடைவெளிகளில் இரண்டு மூன்று முறை மாற்றுவதே பாதுகாப்பான கழுவல்.

செலவு செய்யுமுன் பார்க்கவேண்டிய மற்றொன்று பதிவுப் புத்தகம். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றிற்கு அது 2025-இல் 10,000 ஆக உயர்ந்தது. புதுப்பிக்கும் நாள் அருகில் இருந்தால், அத்தொகையையும் எஞ்சின் கணக்கோடு கூட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டதால், பழைய ரப்பர்க் குழாய்களும் கார்பரேட்டர் வாஷர்களும் உப்பி வெடிக்க இடமுண்டு. சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் கசிவது வீட்டையே எரிக்கக்கூடிய காரியம். ஹெட்டை மூடும்போது இக்குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிட வேண்டும்.

துணி வியாபாரியின் வண்டி பட்டறை கேட்ட தொகையில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவான செலவில் ஓடத் தொடங்கியது. மூன்றாம் சிலிண்டரின் அழுத்தம் மற்றவற்றோடு சேர்ந்துவிட்டது. மகள் அவ்வாண்டே கல்லூரியில் சேர்ந்தாள். கட்டணத்தில் குறைந்ததைத் தவணை வசூலில் ஈடு செய்தார்கள். வளையங்கள் பழையவையே ஆதலால் வண்டி இன்னும் எண்ணெய் குடிக்கத்தான் செய்கிறது. 1,200 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். அவர் மனைவி தவணைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஊற்றிய எண்ணெயையும் ஓடிய தூரத்தையும் தேதியிட்டு எழுதி வருகிறார். அந்த எண் 700-க்குக் கீழே இறங்கும்போது வளையம் மாற்றுவது என்றும், அதற்காக மாதம் ஒரு சிறு தொகை இப்போதே ஒதுக்குவது என்றும் முடிவு செய்திருக்கிறார்கள்.